பூச்சில் நீர்விலக்கி மருந்து கலந்தால் அடிச்சுவர் ஈரம் நிற்குமா?

பூநகரியான்:
வீடு கட்டி எட்டு வருசம். ஒவ்வொரு மாரியிலும் அறைச் சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுக்கிறது. பங்குனியில் காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. விரல் பட்டால் பூச்சு மாவாகக் கொட்டுகிறது. இரண்டு தரம் சுரண்டிப் பூசியாயிற்று. இப்போது மேசன், சீமெந்தோடு நீர்விலக்கி மருந்து கலப்போம் என்கிறார். போத்தலில் போட்டிருக்கிற அளவை இரட்டிப்பாக்கினால் இன்னும் நல்லதா?

மாங்குளம் மேசன்:
தம்பி, முந்தின பூச்சை எந்தத் தண்ணீரில் குழைத்தீர்கள்? உவர்க் கிணறு என்றால் உப்பை நீங்களே சுவரில் பூசியிருக்கிறீர்கள். இந்த முறை பவுசரில் நல்ல தண்ணீர் எடுங்கள்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரித்தான் பூச்சின் நுண்துளைகளில் தண்ணீர் ஏறுகிறது. மருந்திலுள்ள ஸ்டியரேற்று துளைகளின் உட்பக்கத்தில் மெழுகாகப் படிந்துவிடும். பிறகு சேம்பிலையில் போலத் தண்ணீர் ஒட்டாது. ஆனால் வெடிப்பை அது மூடாது, தேங்கி அழுத்துகிற தண்ணீரையும் தடுக்காது. அளவைக் கூட்டவே வேண்டாம். காற்றுக் குமிழ் சேர்ந்து பூச்சு பலமிழக்கும். கரண்டி வழுக்கட்டும் என்று சவுக்காரத்தூள் போடுகிறார்களே, அதிலும் இதே கேடுதான். கையாளாக இருந்த காலத்தில் நானும் போட்டிருக்கிறேன், சொல்ல வெட்கம்.

நம்பிக்கை இல்லாவிட்டால் இரண்டு ரின் மூடியில், ஒன்றில் மருந்து கலந்ததும் மற்றதில் கலக்காததுமாகக் கலவை வார்த்துக் காயவிட்டு, மேலே தண்ணீர் சொட்டிப் பாருங்கள்.

வவுனியா ரீஓ:
அண்ணை சொன்னது சரி. ஆனால் இந்த ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. அடியில் ஏறுகிற ஈரத்தைத் தடுக்காமல் இரண்டு பக்கமும் நீர்விலக்கிப் பூச்சுப் போட்டால், முழங்காலில் நிற்கிற ஈரம் இடுப்புக்கு ஏறும். அத்திவாரத்துக்கு மேல் டிபிசி, அதாவது மண் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கிற படை, இருக்கிறதா, வெளிமண் அதைத் தாண்டி நின்று ஈரத்தை மேலே கடத்துகிறதா என்று முதலில் பாருங்கள். டிபிசி இல்லையென்றால் அடிவரியில் துளையிட்டு சிலேன் கிறீம் என்ற நீர்விலக்கிப் பசையை ஏற்றலாம், செலவுதான். பிறகு ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி, சுவரை நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள்.

பூநகரியான்:
மூடி இரண்டையும் பார்த்தேன். மருந்தில்லாதது துளியை உடனே குடித்துக் கறுத்தது. மற்றதில் துளி முத்தாக நின்றது, சரித்ததும் உருண்டு விழுந்தது.

சுவரோரம் தோண்டினேன். டிபிசி இருக்கிறது, ஆனால் வாழைக்கென்று அணைத்த மண் அதற்கு மேல் நாலு விரல் நிற்கிறது. கப்பல் வாழை, குலை தள்ளி நிற்கிறது. வெட்டும் வரை அதில் கை வைக்க வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.