ஹெவி மெட்டல் பற்றிய புத்தகங்கள்: கொஞ்சம் உதவுங்களேன்

அனைவருக்கும் வணக்கம். நம்ம ஊர் ருத்ரா இசைக்குழுவைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதத் தொடங்கியிருக்கிறேன். 1992இல் சிங்கப்பூரில் உருவான குழு. வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத சுலோகங்களையும் ஹெவி மெட்டல் எனும் அதிரடி ராக் இசையின் கடுமையான வகையான டெத் மெட்டலின் உறுமல் குரலில் பாடியவர்கள். இவர்களைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பின்னணிக்காக ஆய்வு நூல்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். டீனா வைன்ஸ்டீன் 1991இல் சமூகவியல் கோணத்தில் எழுதியது, ரசிகர்களைப் புரிந்துகொள்ள நல்ல நூல். ஆனால் என்னை அசத்தியது ராபர்ட் வால்சர் 1993இல் வெளியிட்ட நூல்தான். எட்டி வான் ஹேலனின் கிட்டார் வாசிப்பை இசைக்குறியீடாகவே எழுதிக் காட்டி, மேற்கத்தியச் செவ்விசை மேதைகளான விவால்டி, பாக் ஆகியோரின் இசையோடு அது எங்கே இணைகிறது என்று விளக்குகிறார். வெறும் இரைச்சல் என்பவர்களிடம் அந்தப் பக்கங்களைத்தான் நீட்டவேண்டும்! பல நாடுகளின் மெட்டலைப் பேசும் 'மெட்டல் ரூல்ஸ் த குளோப்' (2011) தொகுப்பும் கையில் இருக்கிறது.

சரி, எனக்கு இப்போது வேண்டியது உள்ளூர்த் தகவல். 90களில் நகலெடுத்துக் கைமாறிய ரசிகர் இதழ்கள், நிகழ்ச்சித் துண்டுப்பிரசுரங்கள், கேசட் உறைகள் யாரிடமாவது இருக்கிறதா? படம் எடுத்து அனுப்பினாலே போதும். தமிழ் முரசில் இவர்களைப் பற்றிப் படித்த நினைவு இருந்தால், ஆண்டைத் தோராயமாகச் சொல்லுங்கள். தேசிய நூலகத்தில் நானே தேடிக்கொள்வேன். அப்புறம், சிங்கப்பூர் மெட்டல் பற்றிய பல்கலைக்கழக ஆய்வேடு எதையாவது பார்த்திருந்தால் தலைப்பு மட்டும் தெரிந்தால்கூடப் போதும்.

அந்தக் கால நிகழ்ச்சிகளுக்குப் போன அண்ணன், அக்கா யாராவது பேச முன்வந்தால், தேக்காவில் டீ என் செலவு.