சிங்கப்பூரில் இருக்கிற வீட்டுக்காரருக்கு லேப்டாப்: இங்கே வாங்கிக் கொடுத்தனுப்பவா, பணமாக அனுப்பவா?

மீனா_கண்டனூர்:
வணக்கம். என் வீட்டுக்காரர் நாலு வருஷமாகச் சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம் கட்டுமான வேலையில் மேற்பார்வையாளர். வேலைப் பாஸில் இருக்கிறார். இந்த வருஷம் வாரத்துக்கு மூன்று ராத்திரி ரெவிட் வகுப்புக்குப் போகிறார். கட்டட வரைபடத்தை முப்பரிமாணத்தில் போடுகிற மென்பொருளாம். வகுப்பில் கணினி இருக்கிறது, அறைக்கு வந்து பழகத்தான் ஒன்றும் இல்லை. கூடத் தங்கியிருக்கிற பையனுடைய பழைய லேப்டாப்பை, அவன் தூங்கினபிறகு எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். அன்றைக்கு வீடியோ காலில் பார்த்தேன். திரை நிற்காமல் பின்னால் சாய்கிறது என்று ஒரு மைலோ டின்னை முட்டுக் கொடுத்திருந்தார்.

தையல் ஆர்டர் எடுத்து நான் சேர்த்தது 70,000 ரூபாய் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. காரைக்குடியில் ஒரு கடையில் 62,000-க்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 8 ஜிபி, மெலிசு, வெள்ளி நிறம். அடுத்த மாதம் நாத்தனார் குடும்பம் திருச்சியிலிருந்து விமானத்தில் அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறது, கொடுத்தனுப்பலாம் என்று நினைக்கிறேன். என் தம்பியோ, “பணத்தை அனுப்பு, அத்தான் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்” என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எது சரி?

ஜூரோங்_அண்ணன்:
தங்கச்சி, நான் இங்கே பதினோரு வருஷமாக இருக்கிறேன். உன் தம்பி சொல்வதுதான் சரி. நம் ஊரில் லேப்டாப் விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொன்னாலும் அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இங்கே இறங்கும்போது சிங்கப்பூர் ஜிஎஸ்டி 9 சதவீதம், அதையும் கட்ட வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு நாட்டு வரி. இங்கேயே வாங்கினால் 9 மட்டும்தான்.

இது போதாதென்று வாரண்டி. காரைக்குடி பில்லை இங்கே நீட்டினால், “இந்தியாவுக்குக் கொண்டுபோங்கள்” என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. அப்புறம் பிளக். இங்கே மூன்று பட்டை முள், நம் ஊரில் உருண்டை முள்.

செக்காலை_சர்வீஸ்:
பிளக்கை எல்லாம் ஒரு காரணமாகச் சொல்லாதீர்கள் அண்ணே. அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 100-240 வோல்ட், 50-60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான். சுவரில் செருகுகிற வயரை மட்டும் மாற்றினால் போதும், அது பெரிய காசு இல்லை. கீபோர்டும் இரண்டு ஊரிலும் ஒன்றேதான்.

வாரண்டி மாடலுக்கு மாடல் வேறுபடும். மேக்புக் என்றால் பெரும்பாலும் எந்த நாட்டிலும் பார்ப்பார்கள். லெனோவோ, எச்பியில் சர்வதேச வாரண்டி உள்ள மாடலும் உண்டு, இல்லாததும் உண்டு. டெல்லில் நாடு மாறினால் சர்வீஸ் டேக்கை, அதாவது பெட்டியின் அடையாள எண்ணை, அந்த நாட்டுக்கு மாற்றிப் பதிய வேண்டும். வாங்குவதற்கு முன்னால் கேட்டால் தெரிந்துவிடப்போகிறது. இதற்காக இங்கே வாங்கவே கூடாது என்பது அதிகம்.

ஜூரோங்_அண்ணன்:
பெயரிலேயே சர்வீஸ் என்று வைத்திருக்கிறீர்கள். கடைக்கு ஆள் பிடிக்கிறீர்களோ?

செக்காலை_சர்வீஸ்:
நான் விற்பவன் இல்லை, பழுது பார்ப்பவன். புதுசு வாங்காமல் இருந்தால்தான் எனக்கு வருமானம்.

பள்ளத்தூர்_ஆச்சி:
மீனா, எனக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வெளிநாட்டில் ஆளை விட்டுவிட்டு ஊரில் இருப்பது தெரியும். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, கொண்டுவிக்க, கடல் கடந்து வியாபாரம் பார்க்கப் போய்ப் பினாங்கில் இருந்தவர். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்குவார். பெட்டியைத் திறந்தால் எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, துணி என்று வரும். இங்கிருந்து போனது என்ன? தேன்குழலும் மணகோலமும் மாவடுவும்தான். ஆனாலும் ஆயா, எங்கள் பாட்டி, ஒரு தடவைகூட “அங்கேயே வாங்கிச் சாப்பிடுங்கள்” என்று காசு கொடுத்தனுப்பியது இல்லை. முதல் தடவையாக இந்த ஊர்ப் பெண் ஒருத்தி தன் சம்பாத்தியத்தில் கடல் தாண்டிப் பொருள் அனுப்பப் பார்க்கிறாள். வரிக் கணக்குப் போட்டு அதைத் தடுக்க வேண்டுமா?

ஜூரோங்_அண்ணன்:
ஆச்சி, மணகோலத்துக்கு வாரண்டி கிடையாது.

புதுவயல்காரன்:
நடுவில் வருகிறேன். என் கதை தலைகீழ். நான் புதுவயலில், மனைவி ஜெர்மனியில் ஆராய்ச்சிப் படிப்பு. அவளுக்குத் தெரியாமல் ஒரு லேப்டாப் வாங்கிக் கூரியரில் அனுப்பினேன்.

முதலில் கூரியர்காரர் லித்தியம் பேட்டரி உள்ள பொருள் என்று தனியாக அறிவிக்க வேண்டும், பெட்டிமேல் யூஎன் 3481 என்ற அடையாளம் ஒட்ட வேண்டும் என்றார். சரி, ஒட்டினோம். அங்கே போனதும் சுங்கத்தில் நின்றது. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ வரைதான் சலுகை. அதைத் தாண்டினால் கணினிக்குச் சுங்க வரி இல்லையே தவிர, இறக்குமதிக்கான 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. அதன்மேல் கூரியர் தன் கூலியையும் போட்டது. என் ஆச்சரியப் பரிசை வாங்கிக்கொள்ள அவள் காசு கட்டினாள்.

பிரித்துப் பார்த்தால் கீபோர்டு நம் ஊருடையது. அவளுக்கோ இரண்டு வருஷத்தில் ஜெர்மன் கீபோர்டு கைக்குப் பழகிவிட்டது. அதில் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருக்கும். விண்டோஸ் ஒரே மொழிப் பதிப்பு, அதை ஜெர்மனுக்கு மாற்ற முடியவில்லை. கடைசியாகத்தான் தெரிந்தது, போன மாதமே ஆய்வகத்தில் அவளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. இப்போது அதில் படம் பார்க்கிறாள்.

அதனால் சொல்கிறேன். எங்கே வாங்குவது என்பது அப்புறம். யார் உபயோகிக்கப் போகிறாரோ அவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மீனா_கண்டனூர்:
பணம் அனுப்பச் சொல்கிறவர்களுக்கு என் கஷ்டத்தைச் சொல்கிறேன். அவர் கைக்குப் போகிற பணம் லேப்டாப் ஆகாது. போன வருஷம் வேலைக்குப் போடுகிற ஷூ காலைக் கடிக்கிறது என்றார். ஊருக்கு வந்துபோன ஒருவரிடம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தனுப்பினேன். அடுத்த மாதச் சம்பளத்தோடு அதுவும் திரும்பி வந்துவிட்டது. “வீட்டு வளவில் ஒழுகுகிற இடத்துக்கு ஓடு மாற்றிவிடு” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். கேட்டால் கால் பழகிவிட்டதாம். 70,000 அனுப்பினால் வீட்டுக் கடன் அசலில் 70,000 குறையும், அவ்வளவுதான்.

ஜூரோங்_அண்ணன்:
ம். அதை மறுக்க முடியாது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

பள்ளத்தூர்_ஆச்சி:
நான் சொன்னது இப்போது புரிகிறதா?

செக்காலை_சர்வீஸ்:
மீனா அக்கா, ரெவிட் என்று நீங்கள் எழுதியதை நான் முதலில் கவனிக்கவில்லை, மன்னிக்கவும். அந்த 8 ஜிபி வேண்டவே வேண்டாம். ரெவிட்டுக்கு ரேம், அதாவது தற்காலிக நினைவகம், 16 ஜிபி குறைந்தபட்சம். பெரிய கட்டட ஃபைல் திறந்தால் 32 இருந்தால் நல்லது. மேக்கும் வேண்டாம், ரெவிட் விண்டோஸில்தான் ஓடும். கிராபிக்ஸ் சிப் தனியாக இருந்தால் முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்க்கும்போது இழுக்காது.

மெலிசு என்று சொன்னீர்களே, பயம் அங்கேதான். மெலிசானவற்றில் பலதுக்கு ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்ட முடியாது. போன வாரம் ஒரு கல்லூரிப் பையன் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தான், “அண்ணே, ரேம் போட்டுக் கொடுங்கள்” என்று. அடிமூடியில் பத்து ஸ்குரூவையும் கழற்றிக் காட்டினேன். ஸ்லாட்டே இல்லை. மறுபடி மூடி அனுப்பினேன், காசு வாங்கவில்லை.

ஆகவே என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன். 62,000-க்கு அந்தப் பெட்டி அவருக்கு இரண்டு மாதம்கூட உதவாது. இன்னொன்று, திரையில் புள்ளி, சூடாவது மாதிரிக் கோளாறு முதல் வாரத்தில்தான் தெரியும். பல கடைகளில் மாற்றிக் கொடுப்பதும் அந்த முதல் சில நாளுக்குள்தான். நீங்கள் இப்போது வாங்கி அடுத்த மாதம் கொடுத்தனுப்பினால், அவர் சுவிட்சைப் போடும்போது அந்தக் கெடு முடிந்திருக்கும்.

புதுவயல்காரன்:
மீனா, பணமாக அனுப்பவும் வேண்டாம், பொருளாகத் தூக்கிப் போகவும் வேண்டாம். சிங்கப்பூர்க் கடையின் இணையதளத்தில் நீங்களே இங்கிருந்து கார்டில் பணம் கட்டி, விலாசம் மட்டும் அவருடையதாகப் போடுங்கள். பில் அவர் பெயரில், வாரண்டி அந்த ஊரில், வரி 9 மட்டும். பணம் அவர் கண்ணிலேயே படாது.

2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி நம் கார்டுகள் முதலில் உள்நாட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும். வங்கிச் செயலியில் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும். நாணயம் மாற்றும் கட்டணம் என்று பல கார்டுகளில் 3.5 சதவீதம்வரை எடுப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். சில கடைகள் வெளிநாட்டுக் கார்டை ஏற்காது. அதனால் கார்டு ஓடுகிறதா என்று முதலில் ஒரு மவுஸ் வாங்கிப் பாருங்கள்.

பள்ளத்தூர்_ஆச்சி:
நாத்தனார்தான் போகிறாளே! வரி, வரி என்று எவ்வளவு வந்துவிடும்? அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, தன் சொந்த லேப்டாப் மாதிரித் தோளில் மாட்டிக்கொண்டு போனால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஜூரோங்_அண்ணன்:
ஆச்சி, அந்த யோசனை மட்டும் வேண்டாம். சுற்றுலாவாக வருபவருக்கு, 48 மணி நேரத்துக்கு மேல் சிங்கப்பூருக்கு வெளியே இருந்தவர் என்றால் 500 வெள்ளிவரை ஜிஎஸ்டி சலுகை. 62,000 ரூபாய் என்பது ஏறக்குறைய 900 வெள்ளி. மிச்சம் 400-க்கு 9 சதவீதம், அதாவது 36 வெள்ளி. கேட்காமலே அறிவித்துக் கட்டிவிட்டால் இரண்டு நிமிஷ வேலை. ஒளித்துக்கொண்டுவந்து பிடிபட்டால் அபராதம், சுற்றிப் பார்க்க வந்த குடும்பம் விமான நிலையத்தையே சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எங்களைப் போல வேலைப் பாஸில் இருப்பவர்களுக்கு அந்த 500 சலுகையே கிடையாது. லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு மீனா வீட்டுக்காரரே புதுசு கொண்டுவந்தால் முதல் வெள்ளியிலிருந்து வரி. எதிர்த் திசையில்தான் வசதி. இந்தியாவுக்கு வரும்போது 18 வயது முடிந்த பயணி ஒரு லேப்டாப்பை வரி இல்லாமல் கொண்டுவரலாம். ஆக, இங்கே வாங்கியதை லீவுக்கு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் பிரச்சினை இல்லை.

புதுவயல்காரன் சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பகலில் அறையில் ஆள் இருக்காது. பல குடியிருப்புகளுக்குக் கீழே பார்சல் லாக்கர் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா பார்.

செக்காலை_சர்வீஸ்:
எல்லாம் சரி, எந்த மாடல்? அதை அவரிடம்தானே கேட்க வேண்டும். கேட்டால் ஆச்சரியம் போய்விடும்.

மீனா_கண்டனூர்:
நேற்று ராத்திரி கேட்டுவிட்டேன். என் தம்பி ரெவிட் படிக்கப்போகிறான், என்ன லேப்டாப் வாங்கச் சொல்லலாம் என்று. (தம்பி படித்தது வணிகவியல்.)

நாலு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் வந்தது. இந்த மனுஷர் என்னிடம் நாலு நிமிஷம் ஒரேயடியாகப் பேசி எத்தனை நாள் ஆகிறது! மாடல் பெயர், 16 ஜிபி, பின்னால் இன்னொரு ரேம் போட இடம், கிராபிக்ஸ், எந்தக் கடையில் எவ்வளவு, போன மாதம் எவ்வளவு இருந்தது, இந்த மாதம் எவ்வளவு குறைந்தது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடையில் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறார் போலிருக்கிறது. விலை 1,090 வெள்ளி. என்னிடம் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டு பட்டுப் பிளவுஸ் ஆர்டர் நிற்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன்.

கார்டு முதல் தடவை ஓடவில்லை. செயலியில் திறந்துவிட்டபிறகு மவுஸ் வாங்க முடிந்தது. அது அவர் விலாசத்துக்கே போயிருக்கிறது. “யாரோ தப்பாக அனுப்பிவிட்டார்கள், திருப்பிக் கொடுக்க வேண்டும்” என்று அவர் அலைந்துகொண்டிருக்கிறார்.

ஜூரோங்_அண்ணன்:
திருப்பிக் கொடுத்துவிடப்போகிறார்! சீக்கிரம் ஏதாவது சொல்லிவை.

பள்ளத்தூர்_ஆச்சி:
எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. நீ வாங்கியதை நீ கண்ணால் பார்க்கவில்லை, கையால் தொடவில்லை. அப்படி என்ன வாங்குவது? நாத்தனாரை வெறுங்கையோடு அனுப்பாதே.

மீனா_கண்டனூர்:
இல்லை ஆச்சி. மணகோலம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். டின் ஒன்று தேட வேண்டும்.

ஜூரோங்_அண்ணன்:
இரண்டாகத் தேடு. நானும் ஜூரோங்கில்தான் இருக்கிறேன்.