புதுப்பிப்பு: கோழிக்குத் தயிர் கொடுக்கலாமா?

போன மாதம் கேட்டிருந்தேன்: மீந்த பாலைச் சோற்றில் பிசைந்து வைத்ததும் என் ஆறு நாட்டுக்கோழிகளும் நீராகக் கழிந்தன, என்ன செய்வதென்று. வெள்ளைக்கழிச்சல் நோயோ என்று அன்றிரவு தூக்கமே இல்லை. பாலை நிறுத்திய இரண்டாம் நாளே எச்சம் கெட்டியாகிவிட்டது. எல்லாம் நலம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோழிக்குப் பால் சர்க்கரையான லாக்டோஸ் சரியாகச் செரிக்காது. தயிர் உறையும்போது அதில் ஒரு பங்கு லாக்டிக் அமிலமாக மாறிவிடுவதால் கொஞ்சம் தாங்கும். இப்போது வாரம் ஒருநாள், கோழிக்கு ஒரு தேக்கரண்டி, உப்புப் போடாத தயிர் மட்டும். ஓடிவந்து கொத்துகின்றன, கழிச்சல் இல்லை. தாளித்த மோரை மட்டும் வைக்காதீர்கள், உப்பு அவற்றுக்கு ஆகாது.

முட்டை ஓடு கெட்டியாகும் என்று தயிரை நம்பியது என் தப்பு. ஒரு முட்டை ஓட்டிலேயே ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் தயிரில் சுமார் 0.12 கிராம்தான். அதனால் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டேன். வேண்டியதை அவையே கொத்திக்கொள்கின்றன. கறுப்பிக்கு இன்னும் ஓடு மெலிசாகத்தான் வருகிறது, அவளைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.