விற்றவரே பழுதும் பார்த்த காலம்

பழைய கார் விற்பனையகங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, பலரும் கண்ணாடிச் சுவரையும் மெழுகிட்டுத் துடைத்த தரையையும் அதன் நடுவே நின்ற புது வண்டியையும்தான் சொல்கிறார்கள். எனக்கு மறக்காமல் இருப்பது அந்தக் கூடத்தின் பின்பக்கக் கதவுதான். அதைத் திறந்தால் பணிமனை. முன்னால் வண்டி விற்றவரின் தம்பியோ மகனோ அங்கே இன்னொரு வண்டியின் அடியில் படுத்திருப்பார். விற்றவர் வாங்கியவரின் முகத்தில் மறுமாதமும் விழித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த ஒரு கதவால் வந்தது. குடும்பமாக நடத்தப்பட்ட அந்த இடங்களை இன்றைக்கும் நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

அப்படியொரு பணிமனைக்கு, ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது) நடுங்கிக்கொண்டே நின்ற நான்கு சிலிண்டர் வண்டி ஒன்றை ஓட்டிச் சென்றிருந்தேன். "மிஸ்ஸிங் இருக்கிறது ஐயா, ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை" என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பப் போனவனை, "அணைக்காதீர்கள் தம்பி, ஓடட்டும்" என்று பெரியவர் தடுத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பிட்ட இடுக்கியால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒயரைக் கழற்றியதும் இன்ஜின் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். கழற்றியும் சத்தம் மாறவில்லை என்றால் பழுது அங்கேதான். மூன்றாவது ஒயரில் சத்தம் மாறவில்லை. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி, உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் காற்று கூடுதல் அல்லது சூடு அதிகம், எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ, வால்வுத் தண்டைத் தாங்கும் வழிகாட்டியோ தேய்ந்திருக்கிறது என்று, பாடம் நடத்தும் தோரணை சிறிதும் இல்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொல்லிவிட்டு, எண்ணெய் மின்னிய அந்த முனையை என் கையில் கொடுத்தார். (மின்னணு இக்னிஷன் உள்ள வண்டியில் யாரும் இப்படி ஒயரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம், காயிலும் மாட்யூலும் போய்விடக்கூடும்.)

அதன் பிறகு அவர் எடுத்தது ஸ்பேனரை அல்ல, ஒரு பேரேட்டை. என்னிடம் வருவதற்கு முன்பே அந்த வண்டி அங்கு பலமுறை வந்திருந்தது. எந்த ஆண்டில் தேய்ந்த சிலிண்டர் சற்று அகலமாகத் துளைக்கப்பட்டது, அதற்கேற்ப எத்தனையாவது ஓவர்சைஸ் (பெரிய அளவு) பிஸ்டன் போடப்பட்டது, எந்த வால்வுக்கு வழிகாட்டி மாற்றவில்லை என்பதெல்லாம் வெவ்வேறு கையெழுத்துகளில் இருந்தன. அவற்றுள் ஒன்று அவருடைய தந்தையின் கையெழுத்து. மூன்றாவது சிலிண்டரின் வால்வு வழிகாட்டி அடுத்த முறை மாற்றப்பட வேண்டும் என்ற குறிப்பு அதில் முன்பே இருந்ததால், இன்ஜினை முழுவதும் பிரிக்கும் வேலை வரவில்லை. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை மட்டும் இறக்கினால் போதுமாயிற்று.

விற்பனையும் பழுதுபார்ப்பும் ஒரே வீட்டில் இருந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தொடக்க காலத்தில் கார் விற்க வந்தவர்களில் பலர் சைக்கிள் கடைக்காரர்கள், கொல்லர்கள், குதிரை வண்டி செய்தவர்கள். அதாவது கருவியைக் கையில் பிடித்துப் பழகியவர்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான ஃபோர்டு மாடல் டி ஊர் ஊராகப் பரவியபோது, அதைப் பழுதுபார்க்கும் ஆளும் ஊர்தோறும் தேவைப்பட்டார். 1852-இல் வண்டிப் பட்டறையாகத் தொடங்கிப் பின்பு கார் கம்பெனியான ஸ்டூடிபேக்கர், 1963 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத் பெண்ட் ஆலையை மூடியது; கனடாவில் ஹாமில்டன் ஆலையும் 1966-இல் நின்றது. கம்பெனி போய்விட்டாலும் வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இத்தகைய நேரங்களில் உரிமையாளர்களுக்குக் கை கொடுப்பது, பழைய விற்பனையாளர்களின் அலமாரிகளில் பிரிக்கப்படாத பெட்டிகளில் மிஞ்சிக் கிடக்கும் உதிரிபாகங்கள்தாம்.

ஷோரூம்களின் அழகையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்த மாக்ஸ் ஹாஃப்மனுக்காகக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் 1950-களின் நடுவில் அமைத்த கூடத்தில், கார்கள் வளைந்தேறும் சாய்தளத்தின் மீது நின்றன. மெர்சிடிஸ் 300 எஸ்எல் சாலை வண்டியாக வெளிவருவதற்கு நெருக்குதல் கொடுத்தவர்களில் ஹாஃப்மனும் ஒருவர். அந்தக் கூடம் 2013-இல் இடிக்கப்பட்டது. கட்டடக்கலை அறிந்தவர்கள் வருந்தினார்கள், அது நியாயமே. ஆனால் பெயரில்லாத சிறிய பணிமனைகள் மூடப்பட்டபோது அந்த அளவுக்கும் யாரும் பேசவில்லை.

பழையது எல்லாமே பொன்னல்ல. பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலத்தில் அந்தத் தூளைக் காற்றடித்துத்தான் ஊதினார்கள். ஈயம் கலந்த பெட்ரோலில் கை கழுவினார்கள். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல்தான் அந்தப் பெட்ரோலின் விற்பனையை நிறுத்தியது. தேவையில்லாத பாகத்தை மாற்றிக் காசு பார்த்தவர்களும் அன்றே இருந்தார்கள். குடும்பத் தொழில் என்பதற்காக எல்லோரும் நாணயமானவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் இன்ஜெக்ஷன் பிடித்த பிறகு, காதும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் மட்டும் போதவில்லை. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்கு, வண்டியின் கணினி கண்டறிந்த பழுதுகளைக் கருவி கொண்டு படிக்க உதவும் ஓபிடி-2 முறை கட்டாயமானது. பொதுவான சொருகி என்பதால் சிறு பணிமனைக்கும் அது ஒருவகையில் உதவியது; ஆயினும் தயாரிப்பாளர் தன்னிடமே வைத்துக்கொண்ட விவரங்கள் ஏராளம். அவற்றைத் தனிப் பணிமனைகளுக்கும் தர வேண்டும் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. முன்பு வண்டியின் வரலாறு பேரேட்டில் இருந்தது, உரிமையாளர் கேட்டால் திருப்பிக் காட்டினார்கள்.

ஆகவே, உங்களுக்குத் தெரிந்த பழைய பணிமனை ஏதேனும் மூடப்படுகிறது என்றால், பெயர்ப் பலகையையும் எண்ணெய் டப்பாக்களையும் சேகரிப்பாளர்கள் எப்படியும் வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் பேரேடுகளைக் கேளுங்கள். பெரும்பாலும் அவைதான் முதலில் குப்பைக்குப் போகின்றன. வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு, சேசிஸ் எண், இன்ஜின் எண், துளைத்த அளவு, மாற்றிய பாகத்தின் எண், தேதி ஆகியவற்றைப் படியெடுத்து வைத்தால், அதே வண்டியை இன்றைக்கு வைத்திருப்பவர் அடுத்த பிஸ்டனை எந்த அளவில் தேட வேண்டும் என்பதை இன்ஜினைத் திறக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.