கறுப்பின மக்களின் கீதம் பற்றி உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் அமெரிக்காவில் 'கறுப்பினத் தேசிய கீதம்' என்று சொல்லப்படும் 'லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்' பாட்டைப் பற்றி நான் பேச வேண்டும். 1900 பிப்ரவரி 12, லிங்கன் பிறந்தநாள். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் 500 பேர் சேர்ந்து முதலில் பாடியது. வரிகள் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், மெட்டு அவர் தம்பி ரோசமண்ட். வரலாறு வரைக்கும் சரி.

சிக்கல் அப்புறம்தான். 2023 சூப்பர் பௌல் (அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டி) மைதானத்தில் இதைப் பாடியதும், 'ஒரு நாட்டுக்கு எதற்கு இரண்டு கீதம்?' என்று சண்டை கிளம்பியது. அமெரிக்காவுக்குச் சட்டப்படி தேசிய கீதம் வந்ததே 1931இல்தான். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பு இந்தப் பாட்டைத் தங்கள் கீதமாக ஏற்றது 1919இல். இதைச் சொன்னாலே பாதி வாய் அடைத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் கறுப்பினப் பேராசிரியரான டிமத்தி ஆஸ்க்யூவே இதைத் தனிக் கீதம் என்பது பிரித்துவைக்கும் என்கிறார். அதை லேசில் தள்ள முடியவில்லை.

அமெரிக்காவில் இருப்பவர்கள் யாராவது தேவாலயத்திலோ பள்ளியிலோ இதை நேரில் கேட்டிருக்கிறீர்களா? எல்லோரும் எழுந்து நிற்பார்களா? மூன்று சரணமும் பாடுவார்களா, முதலோடு நிறுத்திவிடுவார்களா? ஆஸ்க்யூவுக்கு நல்ல பதில் சொல்லும் கட்டுரை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது.