ஆறு லீக், மூன்று செயலி: பிளேஆஃப் வாரங்களில் வரிசையை மறக்காமல் இருப்பது எப்படி?

ஞாயிறு_தூக்கமில்லை | 2024 டிசம்பர் 17, செவ்வாய்

வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். இந்த சீசனில் ஆறு ஃபேன்டசி ஃபுட்பால் லீக்குகளில் ஆடுகிறேன் (அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். வீரர்களை வைத்து நாமே அணி அமைப்பது; வாராவாரம் வரிசையில் இறக்கியவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதுதான் நமக்குப் புள்ளி, பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கிடையாது). ஐந்தில் பிளேஆஃப் வரை வந்தேன். நேற்று இரவோடு ஒன்றில் வெளியேறிவிட்டேன். எதிராளி என்னை வென்றார் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஸ்டீலர்ஸ் அணியின் ஜார்ஜ் பிக்கன்ஸ் பின்தொடைத் தசைக் காயத்தால் ஈகிள்ஸுக்கு எதிராக ஆடமாட்டார் என்பது ஆட்டத்துக்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். அவர் என்னிடம் மூன்று லீக்குகளில் இருக்கிறார். இரண்டில் பெஞ்சுக்கு அனுப்பினேன். மூன்றாவதில் ஞாயிறு மாலை வரை வைட் ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பூஜ்யம். நான் தோற்றது நான்கு புள்ளியில். பெஞ்சில் இருந்தவர் எடுத்தது பதினொன்று.

இதுவரை செய்து பார்த்தவை: மூன்று செயலிகளிலும் எல்லா அறிவிப்புகளையும் திறந்து வைத்தேன். ஞாயிறு காலையில் அலாரம் வைத்தேன். ஒவ்வொரு லீக்காகத் திறந்து சரிபார்த்தேன், அல்லது சரிபார்த்ததாக நினைத்தேன்.

மிச்சமிருக்கும் நான்கு: அலுவலக லீக் (அரை பி.பி.ஆர்., அதாவது ஒவ்வொரு கேட்சுக்கும் அரைப் புள்ளி), கல்லூரி நண்பர்களின் லீக் (முழு பி.பி.ஆர்., கேட்சுக்கு ஒரு புள்ளி), ஒரு சூப்பர்ஃபிளெக்ஸ் லீக் (பந்தை எறியும் குவார்டர்பேக் இருவரை இறக்கலாம்), பிறகு பத்துப் பேர் ஆடும் ஒரு பழைய லீக். கடைசியில் சொன்னதில் கேட்சுக்குப் புள்ளி கிடையாது. இறுதிப் போட்டியும் 18-ஆம் வாரத்தில்தான்.

மூன்று கேள்விகள். மறக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? சூப்பர்ஃபிளெக்ஸில் சீஃப்ஸ் குவார்டர்பேக் மஹோம்ஸின் கணுக்கால் காயத்தையும் கல்லூரி லீக்கில் செயிண்ட்ஸ் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) கமாராவின் காயத்தையும் வைத்துக்கொண்டு இந்த வாரம் எப்படி ஆடுவது? மூன்றாவது கொஞ்சம் அசட்டுத்தனமானது: லயன்ஸ் ரன்னிங் பேக் மாண்ட்கோமெரிக்கு முழங்கால் போனதால் இனி அங்கே ஜமீர் கிப்ஸ்தான் எல்லாம். அவர் எனக்கு இரண்டு லீக்குகளில் இருக்கிறார், ஒன்றில் எதிராளியிடம் இருக்கிறார். நான் எதற்காக வேண்டிக்கொள்வது?

---

இரண்டே லீக்

ஆறு எதற்கு? நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் பார்க்க முடிகிறது.

---

ஞாயிறு_தூக்கமில்லை

ஆகஸ்டில் இதைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். டிசம்பரில் எப்படி விலகுவது?

---

பழைய பெஞ்சு

தம்பி, ஒரு விஷயம் கேட்கிறேன். பிக்கன்ஸ் ஆடமாட்டார் என்ற அறிவிப்பு உங்களுக்கு எத்தனை முறை வந்தது?

---

ஞாயிறு_தூக்கமில்லை

மூன்று செயலிகளிலும் வந்தது அண்ணா. அதுபோக இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில்.

---

பழைய பெஞ்சு

அங்கேதான் கோளாறு. ஒரே செய்தியை ஐந்து முறை கேட்டால், அந்த வேலையை முடித்துவிட்டோம் என்று மனம் நம்பிவிடும். அதிலும் இரண்டு இடங்களில் உண்மையாகவே மாற்றிவிட்டீர்கள். "பிக்கன்ஸை மாற்றிவிட்டேன்" என்ற நினைவு உண்மைதான். எந்த லீக்கில் என்பதுதான் அதில் இல்லை. அறிவிப்பைக் கூட்டக் கூட இது மோசமாகும். ஒரு செயலியில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள்.

லீக் லீக்காகப் பார்ப்பதையும் விடுங்கள். ஓர் அட்டவணை போடுங்கள். வரிசைக்கு ஒரு வீரர், பத்திக்கு ஒரு லீக். உங்களிடம் இருந்தால் "எ", எதிராளியிடம் இருந்தால் "எதிர்", யாரிடமும் இல்லையென்றால் கட்டம் காலி. வீரர்களை அகரவரிசையில் அல்ல, ஆட்டம் தொடங்கும் நேரப்படி அடுக்குங்கள். இந்த வாரம் வியாழன் பிராங்கோஸ்–சார்ஜர்ஸ் மேலே, திங்கள் செயிண்ட்ஸ்–பேக்கர்ஸ் கீழே. பிக்கன்ஸ் பெயருக்கு நேரே மூன்று "எ" இருந்தால் மூன்றையும் அடித்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். நான் காகிதத்தில் பேனாவால் செய்கிறேன். கை அடிக்கும்போது வருகிற நிம்மதி விசைப்பலகையில் வருவதில்லை.

---

மேற்குக்கரை

இதோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடாதவர்கள் பட்டியலை அணிகள் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வெளியிடும். கிழக்கு நேரம் பிற்பகல் 1 மணி ஆட்டங்களுக்கு அது காலை 11:30. எங்கள் பக்கம் 8:30, காப்பிகூட இறங்கியிருக்காது. பலர் இந்த ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். 4:05, 4:25 ஆட்டங்களுக்கான பட்டியல் 2:35 மணியளவில்தான் வரத் தொடங்கும். அப்போது எல்லாரும் முதல் ஆட்டங்களில் மூழ்கியிருப்பார்கள். ஈகிள்ஸ் ஆட்டமும் 4:25 தானே? பிக்கன்ஸைக் கழற்ற உங்களுக்கு அன்று மாலை வரை நேரம் இருந்திருக்கிறது.

வயிற்றெரிச்சலைக் கிளப்பியதற்கு மன்னிக்கவும்.

இப்போது மஹோம்ஸ். சீஃப்ஸ்–டெக்சன்ஸ் ஆட்டம் சனிக்கிழமை 1 மணிக்கு. இது உங்களுக்குச் சாதகம். சனி காலை 11:30-க்கு விடை தெரிந்துவிடும், ஞாயிறு ஆடும் குவார்டர்பேக் ஒருவர் பெஞ்சில் இருந்தால் போதும். சூப்பர்ஃபிளெக்ஸில் அப்படி ஒருவர் சும்மா கிடைக்கமாட்டார் என்பதால் இன்றே வெய்வரில் (யாரிடமும் இல்லாத வீரர்களைக் கேட்டு எடுக்கும் முறை) கேளுங்கள். மிச்சமிருக்கும் வெய்வர் பணத்தைச் சேமித்து என்ன செய்யப்போகிறீர்கள்? சீசன் முடிந்தால் அது செல்லாக் காசு.

கமாரா வேறு மாதிரி. செயிண்ட்ஸ் ஆடுவது திங்கள் இரவு. அவரை ரன்னிங் பேக் இடத்தில் வைத்துவிட்டுக் கடைசி வரை காத்திருந்தால், அவருக்குப் பதிலாகத் திங்கள் ஆடும் இன்னொரு ரன்னிங் பேக்தான் வேண்டும். அப்படி இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆகவே கமாராவை ஃபிளெக்ஸில் (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரையும் இறக்கக்கூடிய இடம்) வையுங்கள். அப்போது பேக்கர்ஸ் ரிசீவர் யாரை வேண்டுமானாலும் அந்த இடத்தில் இறக்கலாம். செயிண்ட்ஸின் கெண்ட்ரே மில்லர் கிடைத்தால் அவரையும் எடுத்து வையுங்கள், எதிராளி எடுக்காமலாவது இருப்பார்.

---

கமிஷனர் பேசுகிறேன்

மேற்குக்கரை சொன்ன ஃபிளெக்ஸ் விஷயம் 17-ஆம் வாரத்தில் இதைவிட முக்கியம். இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் புதன்கிழமை வருகிறது. அன்று இரண்டு ஆட்டங்கள்: சீஃப்ஸ்–ஸ்டீலர்ஸ், ரேவன்ஸ்–டெக்சன்ஸ். பிறகு வியாழன், சனி, ஞாயிறு, திங்கள். ஒரே வாரத்தில் ஐந்து நாட்கள், ஆட்டம் தொடங்கத் தொடங்க அந்த வீரரின் இடம் பூட்டிக்கொண்டே போகும். புதன் ஆடும் ரேவன்ஸ் ரன்னிங் பேக் டெரிக் ஹென்றியை ஃபிளெக்ஸில் வைத்துவிட்டால், அந்த வாரத்தின் மிக நெகிழ்வான இடம் முதல் நாளே போய்விடும். முதலில் ஆடுபவரை அவருடைய சொந்த இடத்திலும், கடைசியில் ஆடுபவரை ஃபிளெக்ஸிலும் வையுங்கள்.

இன்னொன்று. அந்த நான்கு அணிகளும் இந்தச் சனிக்கிழமையும் ஆடுகின்றன. சனி அடிபட்டவர் புதனுக்குள் தேறி வருவது அரிது. வழக்கமாகப் புதன் முதல் வெள்ளி வரை வரும் பயிற்சி அறிக்கைகளும் இவர்களுக்கு முன்கூட்டியே வந்துவிடும். வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் அந்த வாரம் கவிழ்த்துவிடும்.

வெய்வர் எப்போது ஓடும் என்று நான்கு லீக்குகளிலும் இப்போதே பாருங்கள். புதன் அதிகாலை என்றால் பிழைத்தீர்கள். வியாழன் என்று வைத்திருக்கும் லீக்கில், புதன் ஆடுபவர் யாரையும் உங்களால் எடுக்கவே முடியாது. நான் நடத்தும் லீக்கில் செவ்வாய்க்கு மாற்றிவிட்டேன். நான்கு பேர் கேள்வி கேட்டார்கள், ஒருவர் நன்றி சொன்னார்.

ஆட்டம் பாதியில் நின்றால் என்ன விதி என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 2 அன்று பில்ஸ்–பெங்கால்ஸ் ஆட்டத்தில் டாமர் ஹாம்லின் இதயத்துடிப்பு நின்று மைதானத்தில் விழுந்தார். பலருக்கு அது ஃபேன்டசி இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டம். அன்று இரவு யாருக்கும் புள்ளி நினைவில் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அந்த ஆட்டம் மறுபடி நடக்கவேயில்லை. பிறகு ஒவ்வொரு லீக்கும் ஒவ்வொரு விதமாக முடிவெடுத்தது. என் லீக்கில் கோப்பையைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னேன், இன்றும் ஒருவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

---

பழைய பெஞ்சு

18-ஆம் வார இறுதிப் போட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. பெரும்பாலான லீக்குகள் 17-உடன் முடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. என்.எஃப்.எல். பிளேஆஃபில் இடம் உறுதியான அணிகள் கடைசி வாரத்தில் முக்கிய வீரர்களை உட்கார வைத்துவிடும். அந்தப் பழைய லீக்கில் உங்கள் குவார்டர்பேக் யார்?

---

ஞாயிறு_தூக்கமில்லை

அங்கேயும் மஹோம்ஸ்தான். டைட் எண்ட் கெல்சி.

---

பழைய பெஞ்சு

சரிதான். சீஃப்ஸ் முதலிடத்தை உறுதி செய்துவிட்டால் இருவருமே உங்களுக்கு இல்லை. 18-இல் அவர்கள் டென்வரில் ஆடுகிறார்கள். பிராங்கோஸ் அணிக்கு அந்த ஆட்டம் வாழ்வா சாவா என்று அமையலாம். பத்துப் பேர் லீக் என்றால் அவர்களுடைய குவார்டர்பேக் போ நிக்ஸ் யாரிடமும் இல்லாமல் இருக்கக்கூடும். பாருங்கள்.

கிப்ஸ் விஷயம்: எதிராளியிடம் இருக்கிறார் என்பதற்காக உங்களுடைய நல்ல வீரரை எங்கும் உட்கார வைக்காதீர்கள். இரண்டு "எ", ஒரு "எதிர்". கணக்குப்படி நீங்கள் அவர் பக்கம்தான். கத்துங்கள்.

---

ஞாயிறு_தூக்கமில்லை | டிசம்பர் 24

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அட்டவணை போட்டேன். முப்பத்தொரு வீரர்கள். போட்டு முடித்ததும்தான் தெரிந்தது, நான்கு லீக் என்று பயந்தேனே தவிர, பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப அதே ஆட்கள்தான்.

மஹோம்ஸ் ஆடினார், சீஃப்ஸ் 27-19 என்று வென்றது. கமாரா ஆடவில்லை. ஃபிளெக்ஸில் இருந்ததால் பேக்கர்ஸ் ரிசீவர் ஒருவரை இறக்கினேன். பேக்கர்ஸ் 34-0 என்று வென்ற அந்த இரவில் செயிண்ட்ஸ் பக்கம் யாரை வைத்திருந்தாலும் அழுதிருப்பேன். இருந்தும் கல்லூரி லீக்கில் அரையிறுதியில் தோற்றேன். இந்த முறை மறதியால் அல்ல, எதிராளி நன்றாக ஆடினார். வினோதமாக, தூக்கம் வந்தது.

அலுவலக லீக், சூப்பர்ஃபிளெக்ஸ் இரண்டிலும் இறுதிப் போட்டி. பழைய லீக்கில் அரையிறுதி. ஹென்றியை ரன்னிங் பேக் இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

---

ஞாயிறு_தூக்கமில்லை | 2025 ஜனவரி 6

கடைசித் தகவல். 28-ஆம் தேதி சனிக்கிழமை பெங்கால்ஸ்–பிராங்கோஸ் ஆட்டம். சூப்பர்ஃபிளெக்ஸில் ஜோ பர்ரோ என்னிடம், அலுவலக லீக்கில் டீ ஹிக்கின்ஸ் எதிராளியிடம். பர்ரோ எறிய, ஹிக்கின்ஸ் மூன்று டச்டவுன் எடுத்தார், ஒன்று கூடுதல் நேரத்தில். ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பை பக்கத்தில் வந்தது, இன்னொன்று விலகிப் போனது. என் மனைவி நான் கத்துவது மகிழ்ச்சியிலா வேதனையிலா என்று கேட்டார். பதில் தெரியவில்லை. சூப்பர்ஃபிளெக்ஸை வென்றேன், அலுவலகத்தில் தோற்றேன்.

பழைய லீக்கில் அரையிறுதியைத் தாண்டினேன். கிறிஸ்துமஸ் வெற்றியோடு சீஃப்ஸ் முதலிடத்தை உறுதி செய்ததால், அண்ணா சொன்னபடியே மஹோம்ஸும் கெல்சியும் 18-இல் ஆடவில்லை. போ நிக்ஸ் வெய்வரில் இருந்தார். டென்வர் 38-0. நிக்ஸ் நான்கு டச்டவுன் எறிந்தார். கோப்பை எனக்கு. என் எதிராளி கடைசி வரை சீஃப்ஸ் ரன்னிங் பேக் ஒருவரை நம்பிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே ஒரு குறை. தோற்றுப்போன அந்த முதல் லீக்குக்கு அட்டவணையில் பத்தி போடவில்லை. அங்கே ஆறுதல் சுற்று நடந்துகொண்டிருந்தது என்பதே எனக்கு நினைவில்லை. 16-ஆம் வாரமும் பிக்கன்ஸ் அதே இடத்தில் உட்கார்ந்து அதே பூஜ்யத்தை எடுத்திருக்கிறார்.

---

கமிஷனர் பேசுகிறேன்

உங்கள் கமிஷனர் நானாக இருந்தால் நேரில் வந்திருப்பேன். ஆறுதல் சுற்றை வைத்து அடுத்த ஆண்டு டிராஃப்ட் வரிசை (யார் முதலில் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது என்பது) முடிவாகும் லீக்குகள் உண்டு. போய் விதியைப் படியுங்கள்.

---

ஞாயிறு_தூக்கமில்லை

படித்தேன். கடைசி இடம். அதற்கு ஒரு தண்டனையும் இருக்கிறதாம், என்னவென்று கேட்காதீர்கள்.