பாப்பாவின் இரவுச் சர்க்கரை: காவேரிப்பட்டினம் வீட்டுக் குழு

அமுதா, காலை 6.10
நேற்று இரவும் பாப்பாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. படுக்கும்போது 10 மணிக்கு 138 இருந்தது, 12.30க்குப் பார்த்தால் 264. முந்தாநாளும் அதே இரண்டு தோசை, அதே சட்னி, அதே அளவு இன்சுலின்தான், ஆனால் அன்று 12.30க்கு 131 மட்டுமே இருந்தது. மூன்று வாரங்களாக எந்த இரவு ஏறும், எந்த இரவு ஏறாது என்பதே தெரியாமல் நானும் அவரும் மாறி மாறி விழித்திருக்கிறோம்.

சரோஜா அண்ணி (பர்கூர்), காலை 6.31
அமுதா, மாம்பழக் காலம் இது. வீடு முழுக்கக் கூடைகள் இருக்கும்போது பதினொரு வயதுப் பிள்ளை ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டிருக்காதா? அவளைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார். இரவில் தோசையை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் களி கொடு, அதில் சர்க்கரையே கிடையாது.

அமுதா, காலை 6.48
அண்ணி, அவள் ஒளித்துச் சாப்பிடவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் போன ஞாயிறு நானே அவளைத் தவறாகச் சந்தேகித்தேன். செந்தூரா மாம்பழங்களைக் கூடையிலிருந்து பிரித்து வைக்க உதவிவிட்டு வந்தவளுக்கு விரலில் குத்திப் பார்த்ததும் 342 என்று காட்டியது. நான் கோபப்பட்டதில் அவள் அழுதுவிட்டாள். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, இன்னொரு விரலில் பார்த்தபோது 151 தான் இருந்தது. பழச்சாறு தோலில் ஒட்டியிருந்தால் கருவி அந்தச் சர்க்கரையையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடுகிறது. அன்றிலிருந்து கை கழுவாமல் நாங்கள் பார்ப்பதில்லை. நேற்று இரவு கழுவித்தான் பார்த்தோம். களியைப் பற்றி நீங்கள் சொன்னதற்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. களி நல்ல உணவுதான், ஆனால் அதற்கும் இன்சுலின் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

குமார், காலை 7.05
நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 264ஐப் பார்த்த பயத்தில் 12.30க்கு இரண்டு யூனிட் வேக இன்சுலின் போட்டேன். 2 மணிக்கும் 251 இருந்ததால், இறங்கவே இல்லை என்று நினைத்து இன்னும் இரண்டு போட்டேன். 4.30க்குத் தலையணை நனையும் அளவு வியர்த்து எழுந்தாள், 63. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது 118.

மல்லிகா (ஓசூர்), காலை 7.40
இரவுப் பணி முடித்து இப்போதுதான் வந்தேன் அண்ணா. சர்க்கரை கொடுத்துத் திரும்பப் பார்த்தது மிகச் சரி. ஆனால் வேக இன்சுலின் போட்டதும் தீர்ந்துவிடாது, நான்கு மணி நேரம் வரை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். முதல் ஊசியின் வேலை பாதிகூட முடியாதபோது இரண்டாவதும் சேர்ந்ததால்தான் விடியற்காலையில் அப்படி இறங்கியது. இரவில் கூடுதல் ஊசி எவ்வளவு, எத்தனை மணி இடைவெளி என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பயத்தில் இருக்கும்போது கணக்குப் போடக் கூடாது.

அமுதா அண்ணி, எந்த மணிக்கு ஏறுகிறது என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. விடியற்காலை 3 அல்லது 4 மணிக்கு மேல் மெல்ல ஏறினால், விழிப்புக்கு முன் உடல் சுரக்கும் ஹார்மோன்களே பெரும்பாலும் காரணம். பரோட்டா, பிரியாணி போன்ற எண்ணெய்ச் சாப்பாடானால் மூன்று, நான்கு மணி நேரம் கழித்துத்தான் ஏற்றம் தெரியும். வளரும் பிள்ளைகளுக்கு முதல் உறக்கத்திலேயே வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதால் நள்ளிரவுக்கு முன்பும் ஏறலாம். இரவில் தாழ்ந்ததால்தான் காலையில் உயர்கிறது என்று 1930களில் சோமோகி என்பவர் சொன்னதைப் பலர் இன்றும் சொல்கிறார்கள், ஆனால் தோலில் ஒட்டி இரவு முழுக்கச் சர்க்கரையை அளக்கும் சென்சார்கள் வந்த பிறகு அது அரிது என்றே தெரிகிறது. இவற்றில் எது இருந்தாலும் ஓரளவு தினமும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒரே சாப்பாட்டுக்கு ஒரு நாள் ஏறி, ஒரு நாள் ஏறாமல் இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மருந்தையும் ஊசி போடும் இடத்தையும்தான்.

மாமா, காலை 8.02
மருந்தைப் பற்றி நான் சொல்கிறேன் அம்மா. போன வாரம் மதியம் முழுக்க மின்சாரம் இல்லாதபோது, பிரிக்காத மருந்தை உறையில் கட்டி, ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் நான்தான் இறக்கி வைத்தேன். தண்ணீர் படவில்லை. அது கெட்டிருக்குமா?

மல்லிகா, காலை 8.15
அப்பா, நீங்கள் செய்தது நல்ல வேலை. பிரிக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டும். மின்சாரம் இல்லாத சில மணி நேரத்துக்குப் பானை போதும். பயன்படுத்தும் இன்சுலின் பேனா 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் தாங்கும், ஆனால் நம் ஊர்க் கோடையில் வெளியே 35ஐத் தாண்டுவதால் ஜன்னலோரம் வைக்காதீர்கள். பிரித்த தேதியைப் பேனாவிலேயே எழுதுங்கள். அண்ணி, இரவு ஊசி போடும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள்.

அமுதா, காலை 8.50
தடவிப் பார்த்தேன். இடது தொடையில், ஊறவைத்த மொச்சைக்கொட்டை அளவில், ரப்பர் போல ஒரு கட்டி நழுவுகிறது. வெளியே சிவப்போ வீக்கமோ எதுவும் தெரியவில்லை. "அங்கே போட்டால் வலிக்காதும்மா, அதனால்தான் அங்கேயே போடச் சொல்வேன்" என்கிறாள். சில நாள் வலது தொடையில் போட்டிருக்கிறோம், அந்த இரவுகள்தான் ஏறாத இரவுகளாக இருக்க வேண்டும். ஊசி முனையையும் ஒரு வாரம் வரை மாற்றாமல் வைத்திருந்தோம்.

மல்லிகா, காலை 9.04
அதுதான் அண்ணி. ஒரே இடத்தில் போடப் போடக் கொழுப்பு தடித்துவிடும், அங்கே இறங்கிய மருந்து ஒரு நாள் தேங்கி நிற்கும், ஒரு நாள் திடீரென்று கலக்கும். பழைய முனையும் அதைக் கூட்டும். இன்று முதல் அந்தக் கட்டியில் குத்தவே வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: புது இடத்தில் அதே அளவு மருந்து முழுதாகச் சேரும் என்பதால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். அதனால் இன்றே மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிசெய்துகொண்டு, ஒரு வாரம் இரவு 3 மணிக்குப் பாருங்கள். 250க்கு மேல் நின்று, வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால், சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) இருக்கிறதா என்று பட்டை வைத்துப் பார்த்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம்.

அமுதா, ஆறாம் நாள், காலை 6.20
மருத்துவர் இரவு மருந்தில் இரண்டு யூனிட் குறைத்தார். வயிறு, தொடை என்று இடத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் புது முனையில் போடுகிறோம். 3 மணிக்குப் பார்த்தவை: 128, 97, 161, 82, 149. 82 வந்த இரவு அரை டம்ளர் பால் கொடுத்துப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். நேற்று உறவினர் வீட்டுப் பிரியாணிக்கு 1 மணிக்கு 218 வரை போனது, அதற்குக் காரணம் தெரிந்திருந்ததால் இந்த முறை அவர் பதறவில்லை.

சரோஜா அண்ணி, காலை 6.45
அமுதா, பாப்பாவைச் சந்தேகித்துப் பேசியது எனக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அவளிடம் அத்தை கேட்டதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை அவளை இங்கே அழைத்து வா. களி கிண்டுவதற்கு முன் மாவை எடை போட்டு, எத்தனை உருண்டை வந்தது என்பதையும் உனக்கு எழுதி அனுப்புகிறேன், நீ கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்.